கவுன்சில் கைவிட்ட கூரை

2010 மே மாதம் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. மனுதாரருக்கு வயது 106. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில், உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் நடத்திவந்த முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டி அவர். இல்லத்தை மூடக் கவுன்சில் முடிவெடுத்தது. இந்த வயதில் இடம் பெயர்த்தால் என் ஆயுள் குறையும், ஆகவே இது என் உயிர்வாழும் உரிமையில் கைவைப்பது என்றார் அவர். நீதிமன்றம் அந்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்கவில்லை. தளர்ந்த முதியவர்களை ஏனோதானோவென்று இடம் மாற்றினால் ஆயுள் குறையக்கூடும், ஆகவே உயிர்வாழும் உரிமை பற்றிய பிரிவு இங்கே பொருந்தும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் கவுன்சில் கவனமாகத் திட்டமிட்டிருக்கிறது, கையிலுள்ள பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது பெரிதும் அதன் விருப்பத்துக்கு விட்ட விஷயம் என்று சொல்லி மனுவை ஏற்க மறுத்தது.

இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களை மூடுவது குறித்த வழக்குகளைத் தொடர்ந்து படித்து வந்தவருக்கு இந்த முடிவில் வியப்பிருக்காது. கவுன்சில் இல்லத்தில் வாழ்பவருக்குச் சட்டம் தருவது கருத்துக் கேட்கப்படும் உரிமை. தொடர்ந்து தங்கும் உரிமை அதில் இல்லை. எப்படி இந்த நிலை வந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இல்லத்தை மூடினால் முதியவர்கள் செத்துப்போவார்கள் என்று போராட்டக்காரர்கள் சொல்வதற்கு ஆதாரம் மெலிவு. மூடுவதன் மூலம் கவுன்சில் பதில் சொல்லும் கடமையிலிருந்து நழுவுகிறது என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு. அதை யாரும் உரத்துச் சொல்வதில்லை.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். 'முதியோர் இல்லம்' என்றதும் நம் காதில் விழுவது பிள்ளைகளின் கைவிடல். சினிமாவும் சிறுகதையும் அந்தச் சொல்லை அழுகைக்கென்றே பழக்கிவிட்டன. இங்கிலாந்துக் கவுன்சில் இல்லத்தின் பிறப்பு வேறு. அது ஒரு அரசியல் வாக்குறுதியாகத்தான் தொடங்கியது.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் வந்தது. முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஏழைகள் சட்டத்தை அதன் முதல் பிரிவே முடித்துவைத்தது. வயதாலோ தளர்ச்சியாலோ வேறெங்கும் கிடைக்காத பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்குத் தங்குமிடம் தரும் கடமையை 21ஆம் பிரிவு உள்ளாட்சிகள் மேல் சுமத்தியது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் பகுதியில் இருந்ததால் 'பார்ட் த்ரீ' இல்லம் என்ற பெயர் அலுவலகங்களில் நிலைத்தது. வொர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதியின் அவமானம் ஒழிய வேண்டும், முதியவர் வாடகை கொடுத்துத் தங்கும் விருந்தினர்போல வாழ வேண்டும், இருபத்தைந்து முப்பது பேர் மட்டும் உள்ள சிறு வீடுகளாக அவை இருக்க வேண்டும் என்பது அமைச்சர் அனைரின் பெவனின் கனவு.

கனவுக்குச் செங்கல் கிடைக்கவில்லை. 1950களின் இறுதியில் சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்கு நேரில் போனார். 1962இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' என்ற அவர் நூல் ஒரு சங்கடமான உண்மையை வெளியே கொண்டுவந்தது. உள்ளாட்சிகள் தந்த இடங்களில் பாதிக்கு மேல் அதே பழைய வொர்க்ஹவுஸ் கட்டடங்களுக்குள்தான் இருந்தன. பலகை மட்டும் மாறியிருந்தது. இத்தகைய கூட்டு இல்லங்களையே படிப்படியாகக் கைவிட்டு, முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழ உதவ வேண்டும் என்று டவுன்செண்ட் பரிந்துரைத்தார். இன்று இல்லங்களை மூட வாதாடும் அதிகாரிகள் எடுத்து வைக்கும் நியாயங்களில் ஒன்று, இடதுசாரியான அவர் அறுபது ஆண்டுகளுக்கு முன் சொன்னது. அதனால், கவுன்சில் இல்லம் என்றாலே பொற்காலம் என்று யாரும் எழுதினால் நம்பாதீர்கள்.

திருப்பம் வந்தது 1980இல். நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் ஏதும் நடக்கவில்லை. நலத்தொகை விதிகளில் செய்த ஒரு மாற்றம்தான் அது. வசதியற்ற முதியவர் தனியார் இல்லத்தில் சேர்ந்தால் கட்டணத்தை மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பு நிதி கொடுக்கும். அவருக்கு அந்தப் பராமரிப்பு உண்மையில் தேவையா என்று யாரும் பார்க்கவில்லை. அதே முதியவர் கவுன்சில் இல்லத்தில் சேர்ந்தால் செலவு கவுன்சில் தலையில். எந்தக் கவுன்சில் கணக்காளர்தான் யோசிக்க மாட்டார்? கடலோர ஊர்களில் காற்றாடிக்கொண்டிருந்த தங்கும் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக முதியோர் இல்லங்களாயின. 1979இல் ஏறத்தாழ 1 கோடி பவுண்டாக இருந்த இந்தச் செலவு, பத்தே ஆண்டில் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பதைவிட இல்லத்துக்கு அனுப்புவதையே இந்த விதி தூண்டுகிறது என்று தணிக்கை ஆணையம் 1986இல் சுட்டிக்காட்டியது.

வழி சொல்ல மார்கரெட் தாட்சர் அரசு அழைத்தது சர் ராய் கிரிஃபித்ஸை. செயின்ஸ்பரிஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தை நிர்வகித்தவர் அவர். கவுன்சில் தானே இல்லம் நடத்துவதைக் குறைத்துக்கொண்டு, யாருக்கு என்ன தேவை என்று கணித்து வெளியே வாங்கித்தர வேண்டும் என்று 1988இல் அவர் அறிக்கை தந்தார். அது 1990இன் சட்டமாகி 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நலத்தொகைப் பணம் கவுன்சில்களின் கைக்கு வந்தது, ஆனால் ஒரு முடிச்சோடு. அதற்கென வந்த சிறப்பு மானியத்தில் 85 விழுக்காட்டைக் கவுன்சிலுக்கு வெளியே உள்ள தனியார், தொண்டு நிறுவனங்களிடம்தான் செலவிட வேண்டும். இல்லங்களை மூடு என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அடுத்த கேள்வி நேரடியாக நீதிமன்றத்துக்கு வந்தது. கவுன்சில் தன் இல்லங்களை ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல் முழுவதுமாகக் கைவிடலாமா? லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பரோ அப்படிச் செய்ய முனைந்தபோது ஒரு முதியவரின் பெயரில் வழக்கு நடந்தது. பெக்வித் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் அதற்குப் பெயர். ஓரளவாவது நேரடியாக நடத்த வேண்டும் என்று சுகாதாரத் துறையின் சுற்றறிக்கையே சொல்லியிருந்தது. அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை ஏற்கவில்லை. கடமையை முழுவதுமே பிறர் மூலம் நிறைவேற்றலாம், சுற்றறிக்கை சொல்வது தவறு என்று லார்டு ஹாஃப்மன் தீர்ப்பெழுதினார். அதிகம் பேசப்படாத இந்தத் தீர்ப்புதான் எல்லாவற்றுக்கும் அடிக்கல் என்பது என் கணிப்பு. இதற்குப்பின் வந்த வழக்குகளில் 'மூடலாமா' என்ற கேள்வி கிடையாது. 'எப்படி மூடுவது' என்பது மட்டுமே மிஞ்சியது.

அந்த 'எப்படி'யில் முதியவர்கள் சில வெற்றிகளைப் பெற்றார்கள், மறுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் டர்ஹம் கவுன்டி கவுன்சில் ஓர் இல்லத்தை மூடும் செய்தியை, முடிவெடுக்க வெகுசில நாட்களே இருந்தபோது அங்கே வாழ்பவர்களிடம் சொன்னது. இது கருத்துக்கேட்பே அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. நல்ல கருத்துக்கேட்புக்கு நான்கு இலக்கணம் உண்டு. திட்டம் இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போது கேட்க வேண்டும். காரணங்களைப் போதுமான அளவு சொல்ல வேண்டும். பதில் சொல்ல நேரம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 1985இல் பிரெண்ட் பரோவில் பள்ளிகளை மூடுவது தொடர்பாக நடந்த வழக்கில் உருவான இலக்கணம் இது. பிள்ளைகளின் பள்ளிக்காகப் பெற்றோர் போட்ட வழக்கு தாத்தா பாட்டிகளுக்குக் கவசமானது.

ஒரே ஒரு வழக்கு இதற்கும் மேலே போனது. எக்ஸிடரில் உள்ள மார்டன் ஹவுஸ் முதியோர் இல்லம் அல்ல, கடுமையாக உடல் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சுகாதார ஆணையம் நடத்திய இடம். 1993இல் அங்கே குடியேறியவர்களிடம் 'உங்கள் ஆயுளுக்கும் இதுதான் வீடு' என்று ஆணையம் வாக்குக் கொடுத்திருந்தது. ஐந்தாண்டு கழித்து மூட முடிவெடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கொடுத்த வாக்கை மீறுவது அதிகார முறைகேடு என்று தடுத்துவிட்டது. காஃலன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. ஆனால் அதைப் படித்த எந்த அதிகாரி அதற்குப்பின் 'ஆயுளுக்கும் வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்? வெற்றி அடுத்தவருக்குக் கிடைக்காத வகை வெற்றி அது. 2001இல் பிளிமத் நகரின் ஓர் இல்லம் குறித்த வழக்கில் தலைமை நீதிபதி லார்டு வுல்ஃப், இத்தகைய தகராறுகளை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் புகார் விசாரணையிலும் சமரசப் பேச்சிலும் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று இரு தரப்பையும் கடிந்துகொண்டார்.

இனி உயிர் பற்றிய வாதத்துக்கு வருவோம். இடமாற்றம் முதியவர்களைக் கொல்லும் என்ற கருத்துக்கு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. சிகாகோவில் மூடப்பட்ட ஒரு காப்பகத்தின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆல்ட்ரிச், மெண்ட்காஃப் இருவரும் இடம் மாறியபின் இறப்பு கூடியதை 1963இல் பதிவு செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. இங்கிலாந்தில் இதற்குக் கிடைத்த பெரிய களம் பர்மிங்காம். அந்த நகரின் கவுன்சில் தன் முதியோர் இல்லங்களைப் பெரும் எண்ணிக்கையில் மூடியபோது ஜான் கிளாஸ்பி தலைமையிலான பல்கலைக்கழகக் குழு, இடம் மாறியவர்களை ஓராண்டுவரை தொடர்ந்து சந்தித்தது. பெரும்பாலோருக்கு வாழ்க்கை முன்போலவே இருந்தது அல்லது சற்று மேம்பட்டிருந்தது என்பது அவர்கள் கண்டது. மறதிநோய் முற்றியவர்களின் மனதை இத்தகைய ஆய்வு எவ்வளவு தொட முடியும் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனாலும் கண்டதைக் கண்டபடி ஏற்க வேண்டும்.

அந்த ஆய்வின் உண்மையான பாடம் மூடுவதா வேண்டாமா என்பதில் இல்லை. அவசரப்படாமல் மாற்றினார்களா, ஒரே மேசையில் சாப்பிட்ட தோழிகளைச் சேர்த்தே அனுப்பினார்களா, பழகிய ஊழியர் புது இடத்துக்குக் கூடப் போனாரா, யார் எந்த நேரத்தில் மாத்திரை விழுங்குவார் என்ற விவரம் சரியாகக் கைமாறியதா என்பதில் இருக்கிறது. இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும், மாதங்கள் வேண்டும். கவுன்சில் மூடும்போது இரண்டும் ஓரளவு கிடைக்கிறது. தனியார் மூடும்போது?

2011இல் சதர்ன் கிராஸ் நிறுவனம் நொடித்தது. ஏறத்தாழ 750 இல்லங்கள், 31,000 முதியவர்கள். பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 2004இல் வாங்கி, வளர்த்து, 2006இல் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்து, பின்னர் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறிய நிறுவனம் அது. கட்டடங்களை விற்று அவற்றையே ஆண்டுதோறும் ஏறும் வாடகைக்கு எடுத்து நடத்தியது. கவுன்சில்கள் அனுப்பும் முதியவர்களும் கட்டணமும் குறைந்ததும் வாடகை கட்ட வழியில்லை. இல்லங்கள் வேறு கைகளுக்கு மாறின. அவற்றில் ஒரு பகுதியை ஏற்ற ஃபோர் சீசன்ஸ் நிறுவனமும் 2019இல் நொடித்து, திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. எந்த முதியவரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. தனியார் ஒருவர் தன் கடையை மூட ஊரைக் கேட்கத் தேவையில்லை அல்லவா.

இதே சதர்ன் கிராஸ் அதற்கு முன்பே ஒரு முறை நீதிமன்றம் ஏறியிருந்தது. பர்மிங்காம் கவுன்சில் அனுப்பிவைத்த, மறதிநோய் கொண்ட 84 வயது மூதாட்டி ஒருவரை அந்த நிறுவனம் வெளியேற்ற முயன்றது. மனித உரிமைச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது, நாங்கள் தனியார் என்றது. 2007இல் பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. லார்டு பிங்கமும் பரோனஸ் ஹேலும் மாறுபட்டார்கள். கவுன்சில் இல்லத்தில் இருந்தால் உள்ள உரிமை, அதே கவுன்சில் பணம் கட்டும் தனியார் இல்லத்தில் இருந்தால் இல்லை. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து இந்த ஓட்டையை அடைத்தது. கவுன்சில் ஏற்பாடு செய்தவர்களுக்கு மட்டும்தான் அந்த அடைப்பு. சொந்தக் காசில் தங்குபவர் இன்றும் வெளியேதான்.

1979இல் அங்கே முதியோர் இல்லப் படுக்கைகளில் 64 விழுக்காடு உள்ளாட்சிகளிடமும் சுகாதாரச் சேவையிடமும் இருந்தது. 2012இல் 6 விழுக்காடு. கருத்துக் கேட்காமல் மூட முடியாத கட்டடங்களின் பங்கு சுருங்கிய அளவு என்றே இந்த எண்களை நான் வாசிக்கிறேன்.

எஞ்சியவையும் ஏன் மூடப்படுகின்றன? கவுன்சில்களைக் கொடுமைக்காரர்களாகக் காட்டுவது எளிது, ஆனால் நேர்மையல்ல. வரவு செலவைச் சமன்செய்யாமல் விட அவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. மத்திய அரசு தந்த நிதி 2010-11க்கும் 2017-18க்கும் இடையே விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 49.1 விழுக்காடு குறைந்தது என்கிறது தேசியத் தணிக்கை அலுவலகம். கவுன்சில் ஊழியருக்கு உள்ளாட்சி ஊதிய ஒப்பந்தமும் ஓய்வூதியமும் உண்டு. தனியார் இல்லத்தில் பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியோடு சரி. 1960களிலும் 70களிலும் எழுந்த கட்டடங்களில் அறைகள் சிறியவை, கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில். புதிதாகக் கட்டும் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் 12 சதுர மீட்டர் அறையும் அதோடு சேர்ந்த கழிப்பறையும் வேண்டும் என்று 2002 முதல் தரவிதி வந்தபின் அவை மேலும் கிழடாகத் தெரிந்தன.

2022இல் டார்பிஷயர் கவுன்டி கவுன்சில் ஏழு இல்லங்களை மூட முடிவெடுத்தபோது முன்வைத்த காரணம் கட்டடங்களின் நிலைதான். மின்கம்பிகளை முழுவதும் மாற்ற வேண்டும், ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டு அந்த வேலை முடியாது. பேக்வெல், நியூ மில்ஸ் போன்ற மலைநாட்டுச் சிற்றூர்கள் பட்டியலில் இருந்தன. அந்த நிலப்பரப்பில் பக்கத்து ஊர் இல்லம் என்பது வரைபடத்தில்தான் பக்கம். எண்பது வயதுக் கணவர் பேருந்தேறி எண்பத்திரண்டு வயது மனைவியைப் பார்க்கப் போக வேண்டும். கம்பிகள் ஓரிரவில் கெட்டுப்போகவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பராமரிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால் ஒருநாள் கட்டடமே மூடுவதற்குச் சாட்சி சொல்லும். காலிப் படுக்கைகளின் கதையும் இதுதான். 'மறுபரிசீலனையில் இருக்கிறது' என்று புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்துகிறார்கள். படுக்கைகள் காலியாகின்றன, தலைக்கு ஆகும் செலவு ஏறுகிறது. பிறகு அந்தச் செலவே அறிக்கையில் முதல் வரியாக வருகிறது. 2025இல் லங்காஷயர் கவுன்டி கவுன்சில் தன் ஐந்து இல்லங்களை மூடுவது பற்றிக் கருத்துக்கேட்பு தொடங்கியபோதும் கட்டடப் பழுதும் செலவும் முன்னால் நின்றன.

மூடினால் மிச்சமாகும் என்ற கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போட்டிக்கும் சந்தைக்குமான ஆணையம் 2017இல் கணித்தது இது: கவுன்சில் அனுப்பும் முதியவருக்குத் தனியார் இல்லம் வாரத்துக்குச் சராசரியாக 621 பவுண்டு வாங்குகிறது, சொந்தக் காசில் தங்குபவரிடம் 846 பவுண்டு. ஒரே இல்லம், ஒரே சாப்பாடு, ஒரே ஊழியர்கள் என்ற இடங்களிலும் சொந்தக் காசுக்காரர் ஏறத்தாழ 41 விழுக்காடு கூடுதலாகத் தருகிறார். சேமிப்பும் சொத்தும் சேர்ந்து 23,250 பவுண்டைத் தாண்டினால் நீங்கள் சொந்தக் காசுக்காரர். 2010இல் வைத்த இந்தக் கோடு பல ஆண்டுகளாக நகரவே இல்லை. ஆக, கவுன்சில் தன் இல்லத்தை மூடிக் காட்டும் மிச்சத்தில் ஒரு பகுதி, பக்கத்து அறையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீடு விற்ற பணம். எந்தத் தேர்தலும் நடக்காமல், எந்த ரசீதிலும் எழுதாமல் வசூலாகும் வரி அது. வாழ்நாளில் ஒருவர் தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்று 2011இல் டில்நாட் ஆணையம் சொன்னது. ஒத்திவைத்து ஒத்திவைத்து, 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதைக் கைவிட்டார்.

2014இன் பராமரிப்புச் சட்டம் கவுன்சிலுக்கு ஒரு புதுக் கடமையைத் தந்தது. தனியார் இல்லம் நொடித்தால் அங்கிருப்பவர்களின் தேவையைத் தற்காலிகமாகக் கவுன்சில் பார்த்துக்கொள்ள வேண்டும், பணம் யார் கட்டியிருந்தாலும் சரி. நல்ல விதி. ஆனால் சொந்தமாக ஒரு கட்டில்கூட இல்லாத கவுன்சில் அதை எங்கே கொண்டுபோய் நிறைவேற்றும்? இன்னொரு தனியாரின் கதவைத்தான் தட்டும். ஒவ்வொரு பகுதியிலும் சில இல்லங்களையாவது கவுன்சில் தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பழைய கட்டடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. இடிக்கட்டும், ஆனால் கட்டட்டும். வாண்ட்ஸ்வொர்த் தீர்ப்பு கைவிடலாம் என்றுதான் சொன்னது. கைவிட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

அதே வாண்ட்ஸ்வொர்த் பரோவுக்குள்தான் டூட்டிங் இருக்கிறது. தமிழ்க் கடைகளும் கோயிலுமாக இருக்கும் அந்தத் தெருக்களில், எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்கள் இப்போது முதுமைக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவோ அத்தையோ இருக்கும் இல்லம் பற்றிக் கவுன்சிலிலிருந்து கருத்துக்கேட்புக் கடிதம் வந்தால், கூட்டத்தில் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்: எந்த இல்லத்துக்கு மாற்றுவீர்கள், எவ்வளவு தூரம், கூடுதல் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழுமா, அவர் மொழி தெரிந்த ஊழியர் இருப்பாரா, அந்த இல்லமும் மூடினால் என்ன செய்வீர்கள். எழுதிக் கேட்டதை மனசாட்சியோடு பரிசீலித்ததாகக் கவுன்சில் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கு முடிவு வந்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று மாதம்தான் அவகாசம்.